ஹம்ஃப்: ஒருவரா, இருவரா?

25 ஏப்ரல் 2008, இரவு: ஒரு வாசகரின் கேள்வி

ஹம்ஃப்ரி லிட்டல்டன் என்னும் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் 86 வயதில் காலமானார் என்று இன்று செய்தியில் சொன்னார்கள். பி.பி.சி. ரேடியோ 4-இல் நகைச்சுவைப் போட்டி ஒன்றை நடத்தும் கிழவருக்கும் இதே பெயர்தான். இருவரும் அண்ணன் தம்பியா? நம்மவர்களில் யாராவது இவரைக் கேட்டதுண்டா?

26 ஏப்ரல் 2008, காலை

அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இருவரும் ஒரே ஆள். பெருந்தமனி வீக்கத்துக்காகச் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நேற்று பார்னெட் மருத்துவமனையில் இறந்தார். நான் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அவரைக் கேட்டு வருகிறேன். லண்டனில் எனக்கு ஆங்கிலம் கற்றுத்தந்தவர்களில் அவரும் ஒருவர் என்று சொன்னால், அவரைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் அந்த நிகழ்ச்சியில் யாரும் கற்றுக்கொள்ளத்தக்கது எதுவுமே கிடையாது.

கேட்காதவர்களுக்காக: நிகழ்ச்சியின் பெயர் 'ஐயாம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ'. 'மன்னிக்கவும், எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது பொருள். 1972 ஏப்ரலில் தொடங்கியது. வினாவிடைப் போட்டிகளுக்கு மாற்று மருந்து என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்ட அதில், நான்கு பேர் அமர்ந்து மடத்தனமான காரியங்களைச் செய்வார்கள்; தலைவராக ஹம்ஃப் அவர்களைச் செய்யச் சொல்வார். மதிப்பெண் என்று ஒன்று உண்டு, ஆனால் கிடையாது.

இன்றைய நாளிதழ்கள் அவரை இரண்டாக அறுத்துப் போட்டிருக்கின்றன. மேல் பாதியில் ஈட்டன் என்னும் மேட்டுக்குடிப் பள்ளியில் பிறந்த கனவான், ஜாஸ் முன்னோடி. கீழ்ப் பாதியில் ஆபாசச் சிலேடைகளைப் படித்த வேடிக்கைக் கிழவர். இது தவறு. டிரம்பெட் ஊதியவர்தான் அந்தச் சிலேடைகளையும் படித்தார். அந்தக் கையை அறியாமல் இந்தக் குரல் விளங்காது என்பது என் கட்சி.

26 ஏப்ரல் 2008, மாலை

விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். நமக்குக் 'கார்வை' என்று ஒரு சொல் இருக்கிறது. தாளத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே விடுகிற வெளி அது. மிருதங்க வித்துவானை அவர் அடிக்காத இடங்களில்தான் அளக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஹம்ஃப் ஒரு வாக்கியத்தைப் படிப்பார். அதன் பாதியில் அரங்கத்துக்கு ஏதோ புலப்பட்டுச் சிரிப்பு எழும். அவர் நிறுத்துவார். சிரிப்பு அடங்கும்வரை அல்ல, அடங்குவதற்கு ஒரு மாத்திரை முன்புவரை. பிறகு, இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காத சலிப்போடு அடுத்த வரியைத் தொடங்குவார். அறுபது ஆண்டுகள் வாத்தியக் குழு நடத்தியவருக்கே அந்த ஒரு மாத்திரை கைவரும்.

27 ஏப்ரல் 2008

என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை அறிஞன் என்று நினைக்க வேண்டியதில்லை.

1987-இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து, சிறிய அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் அச்சுக்கோத்த கைதான். இங்கே காகிதம் அடுக்குவதும் மடிப்பதும் வேலை. அங்கே இருந்த வயதான அச்சுக்கோப்பவர் ஒருவர் இந்த நிகழ்ச்சியை வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து கொண்டுவந்து, பகலில் போடுவார். இயந்திரச் சத்தத்தில் பாதிதான் கேட்கும். அந்தப் பாதியிலும் பாதிதான் எனக்கு விளங்கும்.

நிகழ்ச்சியில் சமந்தா என்று ஒரு பெண் உண்டு. மதிப்பெண் குறிப்பவள், தலைவரின் பக்கத்து இருக்கையில் இருப்பவள். அவள் நேற்று எங்கே போனாள், யாருக்கு என்ன உதவி செய்தாள் என்று ஹம்ஃப் மிகவும் மரியாதையாகச் சொல்வார், அரங்கம் வெடிக்கும். அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இரண்டு ஆண்டு இப்படிக் கேட்ட பிறகு, ஒரு நாள் தேநீர் நேரத்தில் நான் சொன்னேன்: 'அந்தப் பெண் பாவம், எத்தனை நல்ல காரியங்கள் செய்கிறாள், அவளுக்குப் பேச ஒரு வாய்ப்பும் தருகிறார்கள் இல்லையே.' அச்சகம் ஒரு வாரம் சிரித்தது. சமந்தா என்று ஒருத்தி இல்லை; அவளது நற்செயல்கள் எல்லாம் இரட்டை அர்த்தம்.

இரட்டுற மொழிதல் நமக்குப் புதியதா? காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடியதைப் பள்ளியில் ஒப்பித்தவன் நான். ஆனால் காளமேகத்துக்குத் தான் என்ன செய்கிறார் என்பது தெரியும். கேட்பவனுக்கும் அது தெரியவேண்டும் என்று மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார். ஹம்ஃபின் வித்தை நேர் எதிரானது. முழுப் பொருளும் அறிந்த ஒருவர், ஒன்றுமே அறியாதவராகப் படித்தார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அவர் நடித்த ஆளாக நிஜமாகவே இருந்தவன் நான் ஒருவன்தான்.

27 ஏப்ரல் 2008, இரவு

இப்போதுதான் நாட்கணக்கு உறைத்தது. மார்னிங்டன் கிரசென்ட் நிலையம் மறுபடி திறக்கப்பட்டு இன்றோடு சரியாகப் பத்து ஆண்டு. இவர் போய் இரண்டாம் நாள்.

இது தனிக் கதை. 'க்ளூ'வில் ஒரு விளையாட்டு: ஒவ்வொருவரும் முறைவைத்து லண்டனின் ஒரு நிலையத்தையோ தெருவையோ சொல்லவேண்டும், யார் முதலில் 'மார்னிங்டன் கிரசென்ட்' என்கிறாரோ அவர் வென்றார். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அவர்கள் சொல்லமாட்டார்கள். ஒருவர் ஒரு நிலையத்தைச் சொன்னதும் மற்றவர் பெருமூச்சு விடுவார், இன்னொருவர் பலே என்பார், ஹம்ஃப் இன்றைக்கு இன்ன விதி நடப்பில் இருக்கிறது என்று எச்சரிப்பார். சதுரங்க மேதைகள் நால்வர் ஆடுவதைப்போல் இருக்கும். விதி எதுவும் கிடையாது என்பதுதான் முழு நகைச்சுவையும். அதை ஒருவரும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் சுரங்க ரயில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு மூன்று வாரம் விதியைத் தேடினேன். வடக்குப் பாதையில் யூஸ்டனுக்கும் கேம்டன் டவுனுக்கும் இடையில் உள்ள சிறிய நிலையம் அது. வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு இந்த நாடே அப்படித்தான் இருந்தது: எல்லோருக்கும் விதி தெரிந்திருந்தது, யாரும் சொல்லவில்லை, நாம் தவறாக ஆடினால் மட்டும் ஒரு பெருமூச்சு கேட்கும்.

1992 அக்டோபரில் மின்தூக்கிகளை மாற்றுவதற்கென்று நிலையத்தை மூடினார்கள். அப்படியே மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் இருந்தது. 1998 ஏப்ரல் 27-இல் அதைத் திறந்துவைத்தவர்கள் ஹம்ஃபும் 'க்ளூ' குழுவினரும்தான். அதற்குள் நால்வரில் ஒருவரான வில்லி ரஷ்டன் 1996 டிசம்பரில் இறந்துவிட்டிருந்தார். பிறகு அவர் பெயரில் அந்த நிலையத்திலேயே ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அவருடைய இருக்கைக்கு நிரந்தரமாக யாரையும் அமர்த்தாமல், ஒவ்வொரு முறையும் ஒரு விருந்தாளியை அழைத்தார்கள். எனக்குப் பிடித்த காரியம் அது.

28 ஏப்ரல் 2008

நான் 27-ஆம் தேதி எழுதியதில் ஒரு அநியாயம் இருக்கிறது. சமந்தாவைப் பற்றிய அந்த வாக்கியங்களையெல்லாம் ஹம்ஃபே எழுதினார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் பல ஆண்டு அப்படித்தான் நினைத்தேன். அவர் படித்தவற்றில் பெரும் பங்கு இயன் பேட்டின்சன் எழுதியது. நிகழ்ச்சியின் கருவை உருவாக்கியவர் கிரேம் கார்டன். எழுதப்பட்டதைப் படிப்பது என்ன பெரிய கலை என்று ஒருவர் கேட்கக்கூடும். கீர்த்தனையைத் தியாகராசர் எழுதிவிட்டார், பாடுகிறவர் சும்மா பாடுகிறார் என்று அவர் சொல்லத் தயாரென்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

29 ஏப்ரல் 2008

'ஒரு பாட்டை இன்னொரு பாட்டின் மெட்டில் பாடுவது' பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆம், ஒரு சுற்று முழுவதும் அதுதான். கோலின் செல் பியானோ வாசிக்க, ஒருவர் ஒரு பாட்டின் சொற்களை வேறொரு பாட்டின் மெட்டில் பாடவேண்டும். நம் ஊர்த் திருவிழாக்களில் சினிமா மெட்டில் அம்மன் பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இல்லை. வியப்பு எங்கே என்றால், தலைப்பிலேயே முழு விளக்கமும் இருக்கும் இந்தச் சுற்றை, ஹம்ஃப் ஒவ்வொரு முறையும் சிறு பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நீண்ட உவமைகளோடு விளக்குவார். எதிரில் இருப்பவர்கள் அத்தனை மந்தபுத்திக்காரர்கள் என்பது பொருள். பியானோக்காரரின் வாசிப்பைப் பற்றி அவர் சொன்ன இழிவுகளைத் தொகுத்தால் ஒரு வசைக்கோவை தேறும். அவர் அப்படித் திட்டிய பியானோக்காரர் தேர்ந்த கலைஞர். அதை இசைக்காரர் ஒருவர் சொல்லும்போதுதான் அந்தத் திட்டு சிரிப்பாகும்.

30 ஏப்ரல் 2008

ஜாஸ் அன்பர் ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். நான்கு நாளாகச் சிரிப்பைப் பற்றியே எழுதுகிறேன் என்கிறார். நியாயம். கணக்குப் போட்டால், 'க்ளூ' ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. குழுவோ 1948 தொடங்கி அறுபது ஆண்டுகள் ஊர் ஊராக வாசித்தது. இவற்றைத் தவிர ரேடியோ 2-இல் ஜாஸ் இசைத்தட்டு நிகழ்ச்சியை ஏறத்தாழ நாற்பது ஆண்டு நடத்தி, இந்த மார்ச்சில்தான் முடித்துக்கொண்டார். என்னிடம் அவருடைய இசைத்தட்டு இரண்டே இரண்டுதான் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். யாரிடமும் பயிலாமல் தானாகவே டிரம்பெட் கற்றார். 1936-இல் ஈட்டனில் மாணவராக இருந்தபோதே நால்வர் குழு ஒன்று வைத்திருந்தார். போர்க்காலத்தில் கிரெனடியர் காவற்படை அதிகாரி. இத்தாலியில் சலெர்னோ கடற்கரையில் இறங்கியபோது ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் டிரம்பெட்டும் இருந்ததாகச் சொல்வார்கள். போருக்குப் பிறகு கேம்பர்வெல்லில் ஓவியம் படித்தார், நாளிதழில் சித்திரம் வரைந்தார், 1948-இல் சொந்தக் குழு தொடங்கினார்.

1949 நவம்பர் கதை இது: வெளிநாட்டு இசைக்கலைஞர்கள் பிரிட்டனில் வாசிக்க அனுமதி மறுக்கப்பட்டிருந்த காலம். நியூ ஆர்லியன்சில் பிறந்த சோப்ரானோ சாக்ஸபோன் மேதை சிட்னி பெஷே லண்டன் வந்தார். ஹம்ஃபின் கச்சேரியில் அவரைப் பார்வையாளராக உட்காரவைத்து, தற்செயலாகக் கண்டதுபோல் மேடைக்கு அழைத்தார்கள். ஏற்பாட்டாளர்கள் பின்னர் நீதிமன்றம் ஏறி அபராதம் கட்ட நேர்ந்தது. நான் சொன்ன அந்த 'ஒன்றும் அறியாத முகம்' 1972-இல் பிறந்ததல்ல என்பதற்கு இதையும் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

1 மே 2008

ஒரு இசைத்தட்டை மட்டும் கேட்க நேரம் இருக்கிறது என்பவர்கள் 1956-இல் வந்த 'பேட் பென்னி ப்ளூஸ்' கேளுங்கள். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடத்துக்குள் வந்த முதல் பிரிட்டிஷ் ஜாஸ் தட்டு அது. ஜானி பார்க்கரின் பியானோ இடக்கை இடி இடிப்பதுபோல் இருக்கும். அப்படி ஆக்கியவர் ஒலிப்பதிவாளர் ஜோ மீக். பியானோவின் கீழ்ச் சுரங்களை அழுத்தி முன்னுக்குத் தள்ளிவிட்டார். ஹம்ஃபுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாசித்து முடித்துவிட்டு அவர் விடுமுறைக்குப் போய்விட்டார். போகாதிருந்தால் தடுத்திருப்பேன் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்தார். 1968-இல் பீட்டில்ஸ் குழு அந்தப் பியானோ நடையை எடுத்துத் தங்கள் பாட்டு ஒன்றில் வைத்துக்கொண்டபோதும் அவர் சண்டைக்குப் போகவில்லை. தானும் தன் குழுவும் அதை இன்னொருவரிடம் எடுத்ததுதான் என்பது அவர் நிலை.

1 மே 2008, சற்றுப் பிறகு

திருத்தம். முதல் பத்து அல்ல, முதல் இருபது. சுட்டிக்காட்டிய ஜாஸ் அன்பருக்கு நன்றி. ஆனால் 'இரண்டு தட்டுக்காரர்' என்று என்னை அழைத்திருக்க வேண்டியதில்லை.

3 மே 2008

அவருடைய ரசிகர்களிடமே அவர் வாங்கிய அடியையும் சொல்லவேண்டும். பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியை வேதமாகக் கொண்டவர்கள் அவருக்குக் கூட்டமாகச் சேர்ந்திருந்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் புரூஸ் டர்னர் என்ற ஆல்டோ சாக்ஸபோன் கலைஞரைக் குழுவில் சேர்த்தார். வேத வாத்தியங்களின் பட்டியலில் சாக்ஸபோன் கிடையாது. பர்மிங்காம் நகர மண்டபத்தில் கச்சேரி நடக்கும்போது, டர்னரை வீட்டுக்குப் போகச் சொல்லி ஒரு பதாகையையே விரித்தார்கள். ஹம்ஃப் அசையவில்லை, பின்னர் சாக்ஸபோன்களைக் கூட்டினாரே ஒழியக் குறைக்கவில்லை. கேத்தி ஸ்டோபார்ட் அவர் குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசித்தார். பெண்கள் ஜாஸ் மேடையில் பாடகியராக மட்டும் நின்ற காலம் அது. எண்பது வயதை எட்டும்போது ரேடியோஹெட் குழுவின் இளைஞர்கள் உதவி கேட்டுக் கடிதம் எழுத, போய் அவர்களோடும் ஒரு பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்தார். 2001-இல் வெளியான அவர்களுடைய தொகுப்பில் அது இருக்கிறது.

நானும் ஒரே ஒரு முறை நேரில் கேட்டிருக்கிறேன். தேம்ஸ் கரையில் பார்ன்ஸில் 'புல்ஸ் ஹெட்' என்ற மதுக்கடையின் பின்கூடம். வானொலியில் கேட்ட அதே சலித்த குரல் அடுத்து வாசிக்கப்போவதை அறிவித்தது. உடனே வாத்தியத்தை வாயில் வைத்தார். அந்தச் சலிப்பின் சுவடு ஊதலில் ஒரு துளியும் இல்லை. அன்று நான் நினைத்தது இது: இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது பொய் என்றால், அந்தச் சலிப்பாவது பொய்யாக இருக்கவேண்டும்.

8 மே 2008

இன்றைய நாளுக்குரியது. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். பக்கிங்காம் அரண்மனை முன்னால் பெருங்கூட்டம். ஹம்ஃபை ஒரு கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அவர் டிரம்பெட் ஊதிக்கொண்டே போகிறார். அன்றைய பி.பி.சி. ஒலிப்பதிவில், வர்ணனையாளரின் குரலுக்குப் பின்னால் அந்த ஊதல் பதிந்திருக்கிறது. பி.பி.சி.யில் அவர் முதன்முதலில் ஒலித்தது, யாரும் அழைக்காமல், வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே. பின்னாளில் 'க்ளூ'வில் அவர் பேசும்போது நால்வர் குறுக்கே விழுந்துகொண்டே இருந்ததை இதற்கான வட்டிக் கணக்கில் சேர்க்கலாம்.

23 மே 2008

இருந்திருந்தால் இன்று 87. பிறந்தநாள் வாழ்த்தைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. தொலைபேசி அவருக்கு ஆகாது. எண் வெளியே தெரிந்துவிட்டால் எண்ணையே மாற்றிவிடுவார். ஆர்க்லியில் அவர் கட்டிய வீட்டில் வெளிப்புறச் சுவர்களுக்குச் சன்னலே இல்லை. எல்லாம் நடு முற்றத்தைப் பார்த்துத்தான். இதை ஆங்கிலேயர்கள் விசித்திரம் என்று எழுதுகிறார்கள். எனக்கோ நாற்சார் வீட்டில் பிறந்தவர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. சர் பட்டம் வேண்டாம் என்று மறுத்தவர் என்றும் செய்தி உண்டு.

அவரோடு தொடர்புகொள்ள வழி கடிதம்தான். சாய்வெழுத்துக் கையெழுத்துக்கான சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். தன் இசைத்தட்டு நிறுவனத்துக்கே அழகெழுத்தை நினைவூட்டும் 'காலிகிராஃப்' என்று பெயர் வைத்தவர். அச்செழுத்தோடு பிழைத்தவனாகிய எனக்கு இது போதாதா? 1994-இல் நானும் ஒரு கடிதம் எழுதினேன். மார்னிங்டன் கிரசென்ட்டின் விதிகளை எனக்கு மட்டுமாவது சொல்லவேண்டும், இரகசியம் காப்பேன் என்று. நல்ல காகிதத்தில், நல்ல பேனாவில், நான்கு முறை திருப்பி எழுதினேன். அவருடைய கையெழுத்துக்கு முன் என் ஆங்கிலக் கையெழுத்து கோழி கிளறியதுபோல் தோன்றியது. அஞ்சலில் சேர்க்கவில்லை. வாசகர் ஒருவர் 'சேர்த்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும்' என்கிறார். தெரிந்திருந்தால் எனக்கு இன்று இத்தனை குறிப்பு எழுதவேண்டியிராது.

24 மே 2008

கடைசிச் செய்தியொன்றை விட்டுவிட்டேன். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு போர்ன்மத்தில் 'க்ளூ' மேடை நிகழ்ச்சி இருந்தது. அவர் மருத்துவமனையில், நகைச்சுவை நடிகர் ராப் பிரைடன் அவருக்குப் பதிலாக நடத்தினார். அரங்கத்துக்கு ஹம்ஃப் ஒலிப்பதிவில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: வரமுடியாததற்கு வருந்துகிறேன், மருத்துவமனையில் இருக்கிறேன், இந்த யோசனை முன்பே தோன்றியிருக்கலாம் என்ற பொருளில். படுக்கையில் கிடந்துகொண்டும் அந்த ஒரு மாத்திரையை விடவில்லை.

22 ஜூன் 2009

ஓராண்டுக்குப் பின் இந்தப் பக்கம். நிகழ்ச்சி திரும்ப வந்துவிட்டது. ஸ்டீபன் ஃப்ரை, ஜாக் டீ, ராப் பிரைடன் ஆகிய மூவரும் முறைவைத்துத் தலைமை தாங்குகிறார்கள். கேட்கமாட்டேன் என்று மனைவியிடம் சபதம் செய்திருந்தேன். திங்கள் மாலை ஆறரைக்குச் சமையலறையில் எனக்கு ஏதோ வேலை இருந்தது.

ஃப்ரை நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் அவர் எல்லாம் அறிந்தவர் என்பது நாட்டுக்கே தெரியும், அறியாத முகம் அவருக்கு ஒட்டவில்லை. அந்தச் சலிப்புக்கு இன்னும் நெருக்கமானவர் ஜாக் டீதான் என்று தோன்றுகிறது. டீயுடையது எரிச்சல், ஹம்ஃபுடையது அயர்ச்சி, அவ்வளவுதான் வித்தியாசம். இதை நான் மாற்றிச் சொல்லவும் கூடும்.

28 ஜூன் 2009

பரணைச் சுத்தம் செய்தபோது, அந்த அச்சுக்கோப்பவர் ஓய்வு பெறும்போது எனக்குத் தந்துவிட்டுப்போன ஒலிநாடா ஒன்று அகப்பட்டது. போட்டதும் அறுந்தது. அச்சகத்துக் கை இன்னும் மறக்கவில்லை. நறுக்கி, ஒட்டுநாடா வைத்து ஒட்டிவிட்டேன். சமந்தா ஒரு முதியவருக்கு அவருடைய தோட்டத்தில் உதவி செய்யப் போகிறாள் என்று ஹம்ஃப் தொடங்குகிறார். அங்கே ஒட்டு. வாக்கியத்தின் பின்பாதி போய்விட்டது. நேராக அரங்கத்தின் சிரிப்பு வருகிறது, பிறகு அவர் காத்திருப்பது கேட்கிறது. நாங்கள் இருவரும் சிரித்தோம். என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.